நிணநீர் மசாஜ் இயந்திரம்: மெல்ல அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது?

காலை ஒரு நீளமான உறைக்குள் விட்டு, ஜிப்பை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டி லேசாக உறுமத் தொடங்குகிறது. முதலில் பாதத்தைச் சுற்றிக் காற்று நிரம்பி இறுக்குகிறது. அந்த இறுக்கம் விலகாமலேயே கணுக்கால், ஆடுசதை, முழங்கால், தொடை என்று அடுத்தடுத்த அறைகள் நிரம்புகின்றன. பிறகு எல்லா அறைகளிலிருந்தும் 'புஸ்' என்று காற்று இறங்க, கால் தளர்கிறது. சில நொடி இடைவெளி விட்டு மறுபடி பாதம். இப்படியே 30, 45 நிமிடம். பலர் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்கள்.

இதைத்தான் தானியங்கி நிணநீர் மசாஜ் என்கிறார்கள். மருத்துவமனையிலும் இருக்கிறது, அழகு நிலையத்திலும் இருக்கிறது, விளையாட்டு வீரர்களின் ஓய்வறையிலும் இருக்கிறது. ஆனால் இடத்துக்கு இடம் இதைப் பற்றிய பேச்சு மாறுகிறது. நச்சு வெளியேறும், எடை குறையும், எந்த வலியும் பறந்துவிடும் என்கிறார் ஒருவர். காற்றடைத்த பையில் என்ன வைத்தியம் என்று ஒதுக்கிவிடுகிறார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்பவர்கள், இது உண்மையிலேயே தேவைப்படும் நோயாளிகள். தேவையில்லாதவர் ஏமாறுவதைவிட, தேவைப்படுபவர் இதை நம்பாமல் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த மசாஜின்போது மூன்று காரியங்கள் நடக்கலாம். தேங்கிய நீர் நகரலாம், மனமும் உடலும் தளரலாம், சில வகை வலி குறையலாம். மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## நிணநீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். வாய்க்கால் வழியே தண்ணீர் உள்ளே வருகிறது. பயிருக்கு வேண்டியது போக மிஞ்சிய நீர் வடிகால் வழியே வெளியேறி ஆற்றில் சேர வேண்டும். வடிகால் தூர்ந்துபோனால், வாய்க்கால் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வயலில் நீர் கட்டிக்கொள்ளும்.

நம் உடலில் வாய்க்காலின் வேலையைச் செய்பவை மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள். அவற்றின் சுவர் இறுக அடைத்தது கிடையாது, கசியும்படிதான் அமைந்திருக்கிறது. ரத்தத்திலிருந்து நீரும் சத்தும் கொஞ்சம் புரதமும் கசிந்து செல்களுக்கு இடையே பரவுகின்றன. செல்கள் எடுத்ததுபோக மிஞ்சுவதை அள்ளிக்கொண்டு போக உடலில் தனியாக ஒரு குழாய் வலை இருக்கிறது. அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்ட நீருக்குப் பெயர்தான் நிணநீர். பெரும்பாலும் நிறமற்றது, சற்றே வெளிர் மஞ்சள்.

எவ்வளவு நீர்? நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் என்பது பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கும் கணக்கு. பிற்கால ஆய்வுகள் அதைவிடக் கூடுதல் என்கின்றன. உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வடிகாலின் அருமை புரியும். கசிந்துபோன புரதம் ரத்தத்துக்குத் திரும்ப இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது.

போகிற வழியில் நிணநீர் பல நூறு சோதனைச்சாவடிகளைக் கடக்கிறது. அவரை விதை வடிவில் கழுத்து, அக்குள், கவட்டி, வயிற்றின் உட்பகுதி எங்கும் இருக்கும் இவை நிணநீர் முடிச்சுகள். கிருமிகளை அடையாளம் கண்டு மடக்குவது இவற்றின் வேலை. காலில் சீழ்ப் புண் இருக்கும்போது கவட்டியில் நெறி கட்டுகிறதே, அந்த வலிக்கும் கட்டிதான் வேலையில் மும்முரமாக இருக்கும் நிணநீர் முடிச்சு. கடைசியில் நிணநீர் முழுவதும் கழுத்தெலும்புக்குப் பின்னால், இடமும் வலமுமாக இருக்கும் பெரிய ரத்தக்குழாய்களில் கலக்கிறது. கால் இரண்டிலிருந்தும் கிளம்பும் நீர் இடப்பக்கமாகத்தான் வந்து சேரும். ஆறு அங்கேதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மசாஜின் வரிசை அதை வைத்துத்தான் முடிவாகிறது.

1622-இலேயே இத்தாலிய மருத்துவர் கஸ்பாரே அசெல்லி ஒரு நாயின் வயிற்றில் பால் நிறத்தில் ஓடிய நிணநீர்க் குழாய்களைக் கண்டார். ரத்த ஓட்டத்தை விளக்கி ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி எழுதியது அதற்கு 6 ஆண்டு கழித்து, 1628-இல். அப்படியிருந்தும் பள்ளிக்கூடத்தில் ரத்த ஓட்டம் படித்த அளவுக்கு நாம் நிணநீரைப் படிக்கவில்லை. இத்தனை வதந்தி இதைச் சுற்றி வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

## தள்ளிவிட ஓர் இதயம் இல்லை

ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனி உறுப்பு கிடையாது. பாதத்திலிருந்து கழுத்து வரை, புவியீர்ப்புக்கு எதிராக அது எப்படி ஏறுகிறது?

சற்றுப் பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. குழாய் சின்னச் சின்னக் கண்ணிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் நிமிடத்துக்குச் சில தடவை தானாகச் சுருங்கி, உள்ளிருப்பதை அடுத்ததற்குத் தள்ளுகிறது. இடையில் இருக்கும் வால்வுகள் நீரைப் பின்வாங்க விடாது. இதற்குத் துணையாக இரண்டு சக்திகள். நடக்கும்போது ஆடுசதை சுருங்கி விரிந்து பக்கத்திலுள்ள குழாய்களைப் பிழிகிறது. ஆழ்ந்து மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி இறங்கி, அங்கிருக்கும் பெரிய நிணநீர்க் குழாயை மேல்நோக்கி ஓடவைக்கிறது.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவரின் கணுக்காலில் சாயங்காலம் சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிவது இதனால்தான். ஆடுசதை வேலை செய்யவில்லை, கசிந்த நீர் கீழே தங்கிவிட்டது. இரவு படுத்து எழுந்தால் அது போய்விடும். அங்கே வடிகால் நல்ல நிலையில் இருக்கிறது, சற்று நேரம் பின்தங்கியது, அவ்வளவுதான்.

வடிகாலே கெட்டுப்போன நிலை வேறு. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் முடிச்சுகளை எடுத்துவிடுவது, கதிர்வீச்சு சிகிச்சையால் குழாய்கள் தழும்பேறுவது, யானைக்கால் நோயின் புழுக்கள் குழாய்களைப் பாழாக்குவது, பிறவியிலேயே குழாய்கள் சரியாக உருவாகாதது என்று பல காரணங்களால் கையோ காலோ நிரந்தரமாக வீங்கலாம். இதற்குப் பெயர் நிணநீர் வீக்கம். தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழும். வருடக்கணக்கில் விட்டுவிட்டால் தேங்கிய புரதம் சுற்றியுள்ள திசுவைத் தடிக்கவைத்து, கொழுப்பும் நாரும் சேர்ந்து, அழுத்தினாலும் அமுங்காத கெட்டியாக மாறிவிடும். கால்விரல்களில் கட்டைவிரலுக்கு அடுத்ததன் அடிப்பகுதியில் தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். தூக்க வரவில்லை என்றால் அது நிணநீர் வீக்கத்துக்கு வலுவான அடையாளம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: ரத்தத்திலிருந்து கசிந்த நீரைத் திருப்பிக் கொண்டுவரும் மெதுவான ஓட்டம் நிணநீர். அதை நகர்த்துவது குழாயின் சுருக்கம், தசை, மூச்சு. ஓட்டம் சற்று மந்தமாவது ஒன்று, பாதையே சேதமாவது வேறொன்று.

## ஏன் இவ்வளவு மென்மை?

மசாஜ் என்றால் எண்ணெய் தேய்த்து, சதையைப் பிசைந்து, முடிச்சை உடைப்பதுதான் பழக்கம். நிணநீர் மசாஜுக்கு முதல்முறை போகிறவர்கள், "இவ்வளவுதானா? தடவிக் கொடுத்தது போலத்தானே இருக்கிறது?" என்று கேட்பதுண்டு.

காரணம் நிணநீர்க் குழாயின் வாசலில் இருக்கிறது. நீரை முதலில் உள்வாங்கும் மிகச் சிறிய குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே பரவியிருக்கின்றன. அவற்றின் சுவரில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி நிற்கின்றன. அந்தச் செல்களிலிருந்து நுண்ணிய இழைகள் கிளம்பிச் சுற்றியுள்ள திசுவில் பிடித்திருக்கின்றன. தோலை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினால் இழை இழுபடுகிறது. செல்களுக்கு இடையே வழி திறந்து நீர் உள்ளே போகிறது. விட்டதும் மூடிக்கொள்கிறது. ஆக வேண்டிய வேலை தோலை இழுத்து விடுவது. ஓங்கி அழுத்தினால் அந்த மெல்லிய குழாய் நசுங்கும், வாசல் திறக்காது. கூடவே அங்கே ரத்த ஓட்டம் அதிகரித்து, கசிவும் கூடலாம்.

இந்தக் கைமுறையை வடிவமைத்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட் வோடரும். 1930-களில் பிரான்சில் பணியாற்றியபோது, தீராத சளித் தொல்லையோடு கழுத்தில் நெறி கட்டி வந்தவர்களிடம் இதை முயன்று பார்த்தார்கள். 1936-இல் பாரிசில் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள்.

அவர்கள் வழியில் வந்த தெரபிஸ்ட் வீங்கிய காலை முதலில் தொடமாட்டார். கழுத்தில் ஆரம்பிப்பார், பிறகு வயிறு, கவட்டி, தொடை, பாதம் கடைசி. வயலில் நீர் கட்டியிருக்கும்போது விவரமறிந்தவர் ஆற்றோரம் வடிகால் முடிகிற இடத்தைத்தான் முதலில் வெட்டிவிடுவார். கடைசியில் அடைப்பை வைத்துக்கொண்டு மேலிருந்து தள்ளினால், நீர் நடுவழியில் கரையேறி அடுத்த வயலுக்குப் போகும். உடம்பிலும் அதே கதைதான்.

## கையின் வேலையை இயந்திரம் எப்படிச் செய்கிறது?

தொடக்கத்தில் சொன்ன உறைக்குள் பல காற்றறைகள் இருக்கின்றன. பெட்டியில் இருக்கும் பம்ப் அவற்றை வரிசையாக நிரப்புகிறது. பாதத்தில் அழுத்தம் சற்று அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் வைப்பது வழக்கம். அப்போதுதான் நீர் மேல்நோக்கிப் போகும்.

அழுத்தத்தைப் பாதரச மில்லிமீட்டரில் அளக்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கும் அதே அளவு. நிணநீர் வீக்கத்துக்குப் பொதுவாக 30 முதல் 60 வரை வைப்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது புஜத்தில் சுற்றும் பட்டை 120-ஐத் தாண்டி இறுக்குவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இது அதில் பாதிக்கும் கீழே. திரையில் தெரியும் எண்ணும் தோலில் விழும் அழுத்தமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் காலையும் கவனிக்க வேண்டும்.

எளிய இயந்திரங்கள் பாதத்தில் தொடங்கி மேலே தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளும். சாயங்காலம் கால் கனக்கிறவருக்கு அது போதும். கவட்டியில் பாதை சேதமானவருக்கு அது ஆபத்தாகலாம்: காலிலிருந்து ஏறிய நீர் தொடை மேற்பகுதியிலோ பிறப்புறுப்பிலோ தேங்கி அங்கே வீக்கத்தைக் கொண்டுவரும். அதனால் வயிறு, இடுப்பு வரை சுற்றும் உறையோடு, தெரபிஸ்டின் வரிசையைப் பின்பற்றி முதலில் உடற்பகுதியை ஒழுங்குபடுத்திவிட்டுக் காலுக்கு வரும் இயந்திரங்கள் வந்தன. விலை கூடுதல்தான், ஆனால் அந்த நோயாளிகளுக்கு அந்த வேறுபாடு ஆடம்பரம் ஆகாது.

இன்னொரு குறை எல்லா இயந்திரத்துக்கும் பொது. நீர் எளிதாக நகரும். தேங்கிய புரதம் அவ்வளவு வேகமாக நகராது. மிஞ்சிய புரதம் நீரை மறுபடி இழுத்துக்கொள்ளும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தியதும் இறுக்கக் கட்டோ அழுத்தக் காலுறையோ போடாவிட்டால், இறங்கிய வீக்கம் சில மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடும். நிணநீர் வீக்கத்தின் முழு சிகிச்சையில் தோல் பராமரிப்பு, கைமுறை மசாஜ், இறுக்கக் கட்டு, உடற்பயிற்சி என நான்கு அங்கங்கள் உண்டு. இயந்திரம் அவற்றோடு சேர்ந்து உதவும். தனியாக நின்றால் பலவீனம்.

கையில் பிடித்துச் சதையை அதிரவைக்கும் மசாஜ் துப்பாக்கியும், உருளைகள் பிசையும் நாற்காலியும் இந்த வகையில் சேராது. அவை தசைக்கானவை.

## உடல் தளர்வது எதனால்?

தளர்வு நிஜம். அதற்கு நிணநீர் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தாளத்தில் வந்துபோகும் மென்மையான அழுத்தம், காலைச் சற்று உயர்த்திய படுக்கை, போனைத் தொடாத முக்கால் மணி நேரம், மெல்ல ஆழமாகும் மூச்சு: இவை எல்லாமே உடலை ஓய்வு நிலைக்கு மாற்றும் நரம்பு மண்டலத்தைத் தூண்டக்கூடியவை. இதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இதமாக இருந்தது என்பதற்காகவே ஒருவர் இதைச் செய்துகொண்டால் அதில் தவறு ஒன்றும் இல்லை. "நன்றாகத் தூங்கினேன், அப்படியானால் நச்சு வெளியேறிவிட்டது" என்று முடிச்சுப் போடுவதுதான் தவறு.

## வலி எப்போது குறையும், எப்போது குறையாது?

இங்கேதான் கூர்ந்து கேட்க வேண்டும்: எந்த வலி?

வீக்கத்தால் தோல் இழுபட்டு, கால் ஈயக் குண்டாகக் கனக்கும் வலி என்றால், நீர் குறையக் குறைய வலியும் குறையும். நேரடியான தொடர்பு.

இடித்துக்கொண்ட முழங்கையைக் கை தானாகத் தேய்த்துவிடுகிறது இல்லையா? 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதல், அழுத்தம் ஆகியவற்றின் செய்தி தண்டுவடத்துக்குள் நுழையும்போது, அங்கே வலியின் செய்தி மூளைக்குப் போவது மட்டுப்படுகிறது. மசாஜின்போது பொதுவான உடல்வலி தணிவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். இந்த நிவாரணம் பெரும்பாலும் தற்காலிகம்.

கடுமையான பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலிக்கும் விளையாட்டு வீரர்கள் இந்த உறைகளைப் போட்டுக்கொள்கிறார்கள். வலி குறைந்ததாக உணர்கிறார்கள். ஆனால் மறுநாள் ஓட்டமோ பலமோ கூடுகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. பயிற்சியில் தசையில் உருவாகும் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறது என்ற விளக்கம் தவறு. பயிற்சியில் ஏறிய அதன் அளவு ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். தசைவலியோ ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும்.

மூட்டுத் தேய்மானம், முதுகுத் தட்டு விலகி நரம்பை அழுத்துவது போன்றவற்றின் மூல காரணத்தை இந்த இயந்திரம் தொடுவதே இல்லை.

## நச்சும் எடையும்

கழிவைப் பிரித்து வெளியேற்றுபவை கல்லீரலும் சிறுநீரகமும். நிணநீர் எதையும் உடம்பைவிட்டு வெளியே கொண்டுபோவதில்லை, ரத்தத்தில்தான் சேர்க்கிறது. மசாஜுக்குப் பிறகு சிறுநீர் அதிகம் போவது, திசுவில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பியதால் இருக்கலாம்.

தராசில் எண் குறைந்தாலும் அதே கணக்குத்தான். 1 லிட்டர் நீர் 1 கிலோ. கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

## இவர்கள் உறையை மாட்டக் கூடாது

மென்மையானது என்பதால் யாருக்கும் தீங்கு செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பவர் இதைப் படித்தால் போதும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, ஆடுசதை வலித்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கலாம். அறுவை முடிந்து படுத்திருப்பவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருத்துவமனையில் இதே போன்ற காற்றுறை போடுகிறார்களே என்று கேட்கலாம். அது உறைவதற்கு முன்பு செய்யும் தடுப்பு. உறைந்த பின் அதே காற்றுறை எமன்.

இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கு, காலில் இருக்கும் நீரை அவசரமாக ரத்தத்தில் தள்ளினால் ஏற்கெனவே திணறும் இதயத்தின் சுமை கூடும், மூச்சு முட்டும். தோல் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று; முதலில் அதற்கு மருந்து. நடந்தால் ஆடுசதை பிடித்துக்கொண்டு, நின்றால் விடுகிறது, பாதம் சில்லிட்டிருக்கிறது என்றால் காலுக்கு வரும் ரத்தமே குறைவாக இருக்கலாம். அதை மேலும் நெரிக்கக் கூடாது. நீண்டநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு இறுக்கம் அதிகமானாலும் தெரியாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு மட்டுமே செய்ய வேண்டும்.

மருந்தும் கால் வீக்கத்தைக் கொண்டுவரும். ரத்த அழுத்தத்துக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் அதற்குப் பேர்போனது. அந்த வீக்கத்துக்கு வழி, மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றுவது.

## பயன்படுத்த முடிவு செய்தால்

வீக்கத்தின் காரணம் என்ன என்று தெரிந்த பிறகே தொடங்குங்கள். தொடங்கும்போது குறைந்த அழுத்தம், குறைந்த நேரம். மெல்லிய பருத்தித் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு உறையைப் போட்டால் தோல் உராயாது. மோதிரம், கொலுசு கழற்றிவிடுங்கள். நடுவில் வலித்தாலோ, மரத்தாலோ, விரல் நிறம் மாறினாலோ உடனே நிறுத்துங்கள். உறை போட்டிருக்கும் நேரத்தில் வயிறு உப்பி இறங்கும்படி மெதுவாக மூச்சு விடுவது நல்லது; கழுத்தருகே பாதை திறக்க அது உதவும். முடிந்ததும், உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால் அழுத்தக் காலுறையை மாட்டிக்கொண்டு சற்று நடங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க அளவு நாடா போதும். கணுக்கால், ஆடுசதை, தொடை என மூன்று இடங்களில், தினமும் ஒரே நேரத்தில் சுற்றளவை எடுத்துக் குறித்து வையுங்கள். தொடையின் மேற்பகுதியோ பிறப்புறுப்போ புதிதாக வீங்கினால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சில வாரங்கள் ஆகியும் எண்கள் அசையவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு தெரபிஸ்டிடம் போய்க் காட்டுங்கள்.